சாவடி, சத்திரம், புயல் காப்பகம்: பொதுக் கட்டடமும் சேரியும்



இரட்டைமலை சீனிவாசன் மறைந்த செப்டம்பர் 18ஐ ஒட்டி நடக்கும் இந்த நினைவுச் சொற்பொழிவில், பேரிடர் காலத்துக்கான பொதுக் கட்டடங்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் தோழர்கள் சிலர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பொதுப்பணித் துறைப் பொறியாளர் பேச வேண்டியதை இலக்கிய மன்றத்தில் ஏன் பேச வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. புயலுக்கும் வெள்ளத்துக்கும் ஈடுகொடுக்கும் கட்டடம், அமைதிக் காலத்தில் பள்ளியாகவும் ஆபத்துக் காலத்தில் புகலிடமாகவும் மாறும் கட்டடம் என்றெல்லாம் பேசுவது தொழில்நுட்பப் பேச்சாகத்தான் தெரியும். ஆனால், ஒரு கட்டடம் பொதுவானதா என்ற கேள்வியை இந்த மண்ணில் சட்டமன்றத்துக்குள் கொண்டுபோனவர்கள் பொறியாளர்கள் அல்லர். அந்த வேலையைச் செய்தவருக்காகத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

1924ஆம் ஆண்டு சென்னை சட்டமன்ற மேலவையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தப் பொதுத் தெருவிலும் யாரும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறார்களோ அதே அளவுக்குத் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, 1925 பிப்ரவரியில் அரசிதழில் வெளியானது. நம் மேடைகளில் அதைத் தெருவில் நடக்கும் உரிமை என்று மட்டும் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். தெருவோடு சேர்த்து அலுவலகமும் பொது இடமும் அந்தத் தீர்மானத்தில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கியவருக்கு, தெருவில் நடக்கும் உரிமை தெருமுனையிலேயே முடிந்துவிடக் கூடாது, அது ஒரு வாசற்படி வரை போக வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

அக்காலத்து ஊரில் பொதுக் கட்டடம் என்றால் சாவடிதான். வரி வசூல், பஞ்சாயத்து, வழக்கு, வெளியூரிலிருந்து வரும் அதிகாரி தங்குவது எல்லாம் அங்கேதான். சேரிக்காரர் சாவடிக்கு வெளியே, மரத்தடியில், கைகட்டி நிற்க வேண்டும். பள்ளிக்கூடங்கள் பலவும் சாவடியிலோ கோயில் மண்டபத்திலோ அக்கிரகாரத்திலோ நடந்தன. பள்ளிக்குள் சேர்க்க மாட்டோம் என்று யாரும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் தெருவுக்குள் நுழைய முடியாத குழந்தை எப்படிப் பள்ளிக்குப் போகும்? எல்லாச் சாதியினரும் வரக்கூடிய இடத்துக்குப் பள்ளியை மாற்றுங்கள் என்று மாகாண அரசு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கட்டடத்தின் முதல் கதவு அதைக் கட்டும் இடம் என்பதை நம் முன்னோடிகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே மனு எழுதி எழுதி நிறுவியிருக்கிறார்கள். இதே காலத்தில், 1923இல், பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் பொது நிதியில் கட்டிய கிணறுகளோடு தர்மசாலைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அதை நகராட்சிகள் காகிதத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருந்ததால்தான் 1927இல் அம்பேத்கர் மகாத் குளத்துக்குப் போக நேர்ந்தது.

தர்மசாலை, சத்திரம் என்ற சொற்களோடு பஞ்சத்தின் வரலாறும் ஒட்டிக்கொண்டு வருகிறது. வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1780களின் தொடக்கத்தில், ஹைதர் அலி போரை ஒட்டி வந்த பஞ்சத்தில், பட்டினியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர் பெற்று, ஆங்கிலேயர் வாயில் ‘மோனிகார்’ ஆகி, பிறகு நோயாளிகளுக்கான விடுதியாகி, கடைசியில் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. ஆபத்துக்காகத் தொடங்கிய ஓர் இடம் அன்றாடத்துக்கும் பயன்பட்டு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் நிலைத்த கதை நம் நகரத்திலேயே இருக்கிறது. பல்நோக்குக் கட்டடம் என்று இன்று புதிதாகப் பெயர் சூட்டுகிறார்கள்.

நூறு ஆண்டு கழித்து வந்த 1876–78 பெரும் பஞ்சத்தில் நிவாரண முகாம்கள் வேறு மாதிரி இருந்தன. சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள் என்பது மதிப்பீடு. ரிச்சர்ட் டெம்பிள் வேலைக்காரரின் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்று குறைத்ததை வரலாறு படித்த மாணவர்கள் அறிவார்கள். முகாமில் சமைத்த சோற்றை, யார் சமைத்தார்கள், யாரோடு உட்கார வேண்டும் என்ற காரணத்தால் வாங்க மறுத்தவர்களைப் பற்றி அன்றைய அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். தொட்டுவிடுவோமோ என்ற அச்சத்தில் பட்டினி கிடந்தவரின் மனச்சங்கடம் அரசின் கோப்பில் ஏறியது. தொட்டுவிடக் கூடாதென்று தள்ளி நிறுத்தப்பட்டவரின் பட்டினிக்கு அதே அளவு மை செலவாகவில்லை. நிவாரணம் என்ற ஏற்பாடு சாதியைத் தனக்கு எதிரான தடையாகப் பார்க்கவில்லை, மதித்து நடந்துகொள்ள வேண்டிய வழக்கமாகவே பார்த்தது. அந்தப் பார்வை 1947இல் போய்விட்டதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

சட்டம் போய்விட்டதாகத்தான் சொல்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கிணறு, குளம், சாலை, பொது மக்கள் கூடும் இடம் எதிலும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது. 1924 தீர்மானத்தின் குரலை அதில் கேட்கலாம். 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தர்மசாலை, சத்திரம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. ஆழிப்பேரலைக்கு மறு ஆண்டு இயற்றப்பட்ட 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் என்ற வேறுபாடு பார்க்கக் கூடாது என்று ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. 65ஆம் பிரிவு மீட்புப் பணிக்குத் தேவையான இடங்களைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. அதாவது ஊர்க் கல்யாண மண்டபத்தைக்கூட ஆட்சியர் எடுத்துக்கொள்ளலாம். தோழர்களே, இந்த இரண்டு பிரிவுகளின் எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நிவாரண நேரத்தில் வட்டாட்சியரிடம் எண் சொல்லிப் பேசினால் பதில் வேறு தொனியில் வரும்.

2004 டிசம்பர் 26க்கு வருவோம். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தோரில் மிகப் பெரும்பான்மையினர் மீனவ மக்கள். அந்த இழப்பை ஒரு சொல்லாலும் குறைத்துப் பேச நாங்கள் வரவில்லை. கடலோரத்தில் அவர்களுக்குப் பின்னால் குடியிருந்த தலித் மக்களும், உப்பளத்திலும் வயலிலும் கூலி வேலை செய்தவர்களும், கழிமுகத்தில் கையால் இறால் பிடித்தவர்களும், கூடையில் மீன் விற்ற பெண்களும் இருந்தார்கள். அவர்களில் இறந்தவர் எண்ணிக்கை குறைவு. பிழைப்பு மொத்தமாகப் போயிருந்தது. படகு இழந்தவருக்கு இழப்பீடு என்று கணக்குத் தொடங்கியபோது, படகே இல்லாதவர் கணக்கில் வரவில்லை.

பள்ளிகள், கல்யாண மண்டபங்கள், கோயில்கள், வேளாங்கண்ணி தேவாலய வளாகம் எல்லாம் ஒரே நாளில் முகாம்களாயின. அந்த முகாம்களில் நடந்தவை அப்போதே செய்தித்தாள்களில் வந்தன. தலித் உரிமை அமைப்புகளும் மனித உரிமைக் கண்காணிப்பகமும் அவற்றை ஆவணமாக்கின. தலித் குடும்பங்கள் முகாமுக்குள் சேர்க்கப்படவில்லை, சேர்ந்த இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், தண்ணீர்த் தொட்டியைத் தொட விடவில்லை, உணவு வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். பிணங்களை அகற்ற மட்டும் பிற ஊர்களின் நகராட்சிகளிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர்கள் வண்டி வண்டியாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் எந்தச் சாதியினர் என்று இந்த அவையில் சொல்ல வேண்டியதில்லை. கையுறைகூட இல்லாமல் வேலை செய்துவிட்டு அவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள் என்பது எந்த முகாம் பதிவேட்டிலும் இருக்காது. முகாம் பாதிக்கப்பட்டவருக்கானது, அவர்களோ வேலைக்கு வந்தவர்கள்.

அதிகாரிகளைக் கேட்டால், பதற்றம் வேண்டாமென்று தனித்தனியாகத் தங்கவைத்தோம் என்பார்கள். 1877இன் முகாம் அதிகாரி பேசியதும் இதே மொழிதான். இந்த இடத்தில் கட்டடத்தின் அமைப்பு ஒரு வேலை செய்கிறது. கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய கூடம், ஒரு சமையற்கட்டு, பின்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி, வரிசையாக நாலைந்து கழிப்பறைகள். எல்லாம் ஒன்றே ஒன்று. முதலில் உள்ளே வந்தவர், ஆள்பலம் உள்ளவர், அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவர் கதி அவர் தயவு. குழாய் ஆறு இடங்களில் இருந்தால், ஒரு குழாயைச் சுற்றிக் கோடு போட்டாலும் ஐந்து மிச்சமிருக்கும். சாதியைக் குழாய் ஒழிக்காது, தாகத்தைத் தணிக்கும். பேரிடரின் முதல் மூன்று நாட்களில் எங்களுக்கு அதுவே பெரிது.

மண்டபத்துக்குப் பிறகு வந்தவை தார் ஷீட் கொட்டகைகள். தற்காலிகம் என்ற பெயரில் போட்ட அந்தக் கறுப்புத் தகடுகளுக்கு அடியில் சித்திரை வெயிலில் பகலில் யாரும் இருக்க முடியவில்லை. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வங்கதேசத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 1970 நவம்பரில் போலா புயல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அந்நாட்டில் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, எச்சரிக்கையை வீடு வீடாகக் கொண்டுபோகும் தொண்டர் படை. மற்றொன்று, தூண்களின் மேல் நிற்கும் கட்டடம். கீழ்த்தளத்தில் சுவர் இல்லை, கடல்நீர் தூண்களுக்கு இடையே புகுந்து போய்விடும். மேல்தளத்தில் வகுப்பறைகள். ஆண்டில் முந்நூறு நாள் அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள், புயல் வரும் நாலு நாள் ஊரே ஏறி நிற்கிறது. ஆசிரியர் தினமும் வருவதால் கதவு திறந்து மூடுகிறது, கூரை ஒழுகினால் தெரிகிறது. புயலுக்காக மட்டும் கட்டிப் பூட்டிவைத்த கட்டடங்கள் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரக் கடற்கரை உதாரணம். 1977இல் திவிசீமையை அழித்த புயலுக்குப் பிறகு அங்கே கட்டிய காப்பகங்கள் பல பராமரிப்பின்றிக் கம்பி துருத்திச் சிதைந்தன.

ஆனாலும் 1991 ஏப்ரல் புயலில் வங்கதேசத்தில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். கட்டடங்கள் எண்ணிக்கையில் குறைவு என்பது ஒரு காரணம். வேறொரு காரணமும் இருந்தது. 20 முதல் 44 வயதுக்குட்பட்ட பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேர் இறந்தார்கள் என்றும் அதே வயது ஆண்களில் 15 பேர் என்றும் பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஒரே கடல், ஒரே காற்று, ஒரே ஊர். குழந்தைகளையும் வீட்டையும் விட்டுவிட்டு முடிவெடுத்துக் கிளம்பும் அதிகாரம் பெண்ணுக்கு இல்லை. அந்நிய ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும், தனிக் கழிப்பறை இல்லாத கூடத்தில் இரவு முழுக்க இருப்பதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று பலர் நினைத்தார்கள். இன்னும் சிலர் மாட்டை விட்டுவிட்டு வரவில்லை. மாடு செத்தால் பிழைத்தவரும் செத்தவர்தான் என்பது ஏழை விவசாயியின் கணக்கு. அந்தக் கணக்கை மூடத்தனம் என்று சொன்ன அதிகாரிகள் உண்டு. பின்னாளில் வந்த வடிவமைப்புகள் அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டன. பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் வந்தன, மாற்றுத் திறனாளிகளுக்கும் முதியோருக்கும் சாய்தளம் வந்தது, கால்நடைகளுக்கு உயர்ந்த மண்மேடுகள் எழுந்தன. அந்த மேட்டுக்கு அங்கே ‘கில்லா’ என்று பெயர், கோட்டை என்று பொருள். ஒரு கட்டடம் மக்களுக்கு ஏற்ப மாறுவது என்றால் நடைமுறையில் இதுதான். யார் வரவில்லை என்று எண்ணிப் பார்த்து, ஏன் வரவில்லை என்று கேட்டு, அந்தக் காரணத்தைச் சுவரிலும் படியிலும் திருத்துவது.

நம் நாட்டில் ஒடிசா இந்தப் பாடத்தைப் படித்த மாநிலம். 1999 அக்டோபரில் சுமார் பத்தாயிரம் பேரை இழந்த மாநிலம், அதன்பின் நூற்றுக்கணக்கான பல்நோக்குப் புயல் காப்பகங்களைக் கட்டியது. 2019 மே மாதம் ஃபானி புயலுக்கு முன் சுமார் 12 லட்சம் பேரை அப்புறப்படுத்தி, சாவை நூற்றுக்குள் நிறுத்தியது. உலகமே பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். அதே புயலில் பூரி மாவட்டத்தில் தலித் குடும்பங்கள் புகலிடத்தில் சேர்க்கப்படாமல் வெளியே நின்றதாகவும் செய்தி வந்தது. பன்னிரண்டு லட்சம் என்ற எண்ணுக்குள் அந்தச் சில குடும்பங்கள் காணாமல் போய்விடும். நாம் அவர்களை எண்ணுகிறவர்கள்.

அமெரிக்காவிலும் நிறம் இந்த வேலையைச் செய்திருக்கிறது. 2005 ஆகஸ்ட் 29 கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸில் கார் இல்லாத, போக இடமில்லாத, பெரும்பாலும் கறுப்பின மக்கள் இருபதாயிரத்துக்கும் மேல் சூப்பர்டோம் என்ற விளையாட்டரங்கில் அடைந்தார்கள். கூரை பிய்ந்தது, மின்சாரம் நின்றது, கழிப்பறைகள் பொங்கி வழிந்தன. சில நாட்கள் கழித்து, பாலத்தைக் கடந்து பக்கத்து ஊரான கிரெட்னாவுக்கு நடந்து போனவர்களைக் காவலர்கள் துப்பாக்கியோடு மறித்துத் திருப்பினார்கள். அந்தப் பாலத்துக்கும் நம் ஊர்த் தெருவுக்கும் நடுவே உள்ள தூரம் வரைபடத்தில்தான் அதிகம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. நிவாரணப் பொருள்களோடு நாங்கள் போன சேரிகளில், நீங்கள் அன்று இரவு எங்கே இருந்தீர்கள் என்று எல்லா இடத்திலும் கேட்டோம். தொகுப்பு வீடுகளில் இருந்தவர்கள் காரை பெயர்ந்து விழும் என்று பயந்து பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் விட்டிருந்தார்கள். கூரை வீட்டுக்காரர்கள் தொகுப்பு வீட்டுத் திண்ணைக்கு ஓடியிருந்தார்கள். பள்ளிக்கூடம் முகாமாக அறிவிக்கப்பட்டிருந்த ஓர் இடத்தில் அதன் சாவி பல மைல் தொலைவில் உள்ள நகரத்தில் இருந்தது. இன்னோர் இடத்தில் கட்டடம் திறந்தே இருந்தது. அங்கே போக வேண்டுமானால் இருட்டில், மழையில், ஊர்த்தெரு முழுவதையும் கடக்க வேண்டும். பகலிலேயே செருப்பைப் பார்த்துப் பேசும் தெரு அது. போகவில்லை என்றார்கள். அதிகாரியின் குறிப்பில் அது, மக்கள் ஒத்துழைக்கவில்லை என்று பதிவாகியிருக்கும்.

அதே புயலில் தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிறுமி இறந்தாள். பூப்பெய்தியதால் தீட்டு என்று வீட்டுக்கு வெளியே கீற்றுக் குடிசையில் தனியாக விட்டிருந்தார்கள். தென்னை மரம் விழுந்தது. வீடு பத்தடி தூரத்தில் இருந்திருக்கும். தீட்டு என்ற சொல் ஒரு கட்டடத்தைப் பெண்ணுக்கு மூடுவதையும் சேரிக்கு மூடுவதையும் வேறு வேறாகப் பிரித்துப் பேச எங்களால் முடியவில்லை. மாதவிடாயில் இருக்கும் பெண் எந்தத் தயக்கமும் இல்லாமல் வந்து தங்க முடியாத காப்பகத்தை, அதன் கான்கிரீட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பாதுகாப்பானது என்று சொல்ல மாட்டோம்.

இன்று தமிழகக் கடலோர மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. நல்ல கட்டடங்கள். அவற்றை எங்கே கட்டுவது என்பதுதான் நாம் நேராகப் பேச வேண்டிய கேள்வி. இதில் நம் தோழர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. சேரிக்குத் தனியாக ஒன்று கேட்போம் என்கிறார்கள் ஒரு சாரார். அடித்து விரட்டப்பட்டவர்கள் சொல்லும் சொல் அது, எளிதாகத் தள்ள முடியாது. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, விடுதி, காலனிச் சமுதாயக் கூடம் என்று தனியாகக் கிடைத்தவற்றில் படித்துத்தான் நம்மில் பலர் இந்த அவையில் உட்கார்ந்திருக்கிறோம். மறு சாரார், தனியாகக் கேட்டால் நிவாரணத்திலும் இரட்டைக் குவளையை நாமே கேட்டு வாங்கியது போலாகும், பொதுவானதுதான் வேண்டும், அதில் உரிமையோடு நுழைவோம் என்கிறார்கள். தனித்தொகுதி விவாதத்திலிருந்து நமக்குப் பழக்கமான பிளவு இது. சமத்துவபுரத்தில் 100 வீட்டில் 40 தலித் குடும்பம், நடுவே ஒரு பொதுக்கூடம் என்று அரசு ஒரு விடை சொல்லிப் பார்த்தது. அது புதிதாக எழுப்பும் குடியிருப்புக்குத்தான் சரிவரும், ஏற்கெனவே ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் இடத்துக்கு உதவாது.

எங்கள் முடிவைச் சொல்கிறோம். பொதுக் காப்பகத்தைக் கேட்போம், அதைச் சேரியின் பக்கம் கட்டக் கேட்போம். கட்டடம் எல்லோருக்கும் பொது. அதற்குப் போகும் வழி சேரி வழி. நூற்றாண்டுகளாக நாம் ஊர்த்தெருவைக் கடந்து போனோம், புயல் நாளில் ஊர் நம் தெருவைக் கடந்து வரட்டும். இது பழிவாங்கும் பேச்சு என்று நினைப்பவர்களுக்குப் பொறியாளரின் மொழியிலேயே பதில் இருக்கிறது. டெல்டாவில் சேரி எங்கே இருக்கிறது? பள்ளத்தில், வாய்க்கால் ஓரத்தில், வயலை ஒட்டி. பண்ணையாரின் நிலத்தில் அவர் காட்டிய மூலையில் குடிசை போட்டவர்கள் நம் மக்கள். 1971 குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் அந்த மனையைச் சொந்தமாக்கியது. பெரிய வெற்றி அது. ஆனால், சொந்தமானது அதே பள்ளம்தான். தண்ணீர் முதலில் வருவது அங்கே, கடைசியில் வடிவதும் அங்கே, கூரை வீடு அதிகம் இருப்பதும் அங்கே. ஆபத்து எங்கே அதிகமோ அங்கிருந்து குறைந்த நடையில் காப்பகம் இருக்க வேண்டும் என்பது எந்தப் பேரிடர் கையேட்டிலும் உள்ள பாலபாடம். தாழ்ந்த இடம் என்றால் தூண்மேல் தூக்கிக் கட்டுங்கள், பாதையையும் மண்ணடித்து உயர்த்துங்கள். வங்கதேசத்தால் முடிந்தது. பாதை உயர்ந்தால் ஆண்டு முழுக்கச் சேரிக்கு மழைக்காலத்தில் ஆம்புலன்ஸும் வரும்.

ஆதிக்கச் சாதியினர் அங்கே வரமாட்டார்கள், கட்டவே விடமாட்டார்கள் என்று கேட்கலாம். சில ஊர்களில் அப்படி நடக்கும். நிலம் இல்லை என்று கோப்பு திரும்பும். அப்போது பஞ்சமி நிலத்தின் பட்டியலை எடுத்து மேசைமேல் வைக்க வேண்டியிருக்கும். அது தனிப் போராட்டம்.

உள்ளமைப்பைப் பற்றிப் பெண்களோடு பேசியபோது எங்களுக்குப் புதிதாகத் தெரிந்தது ஒன்று உண்டு. ஒரே பெரிய கூடம் சமத்துவத்தின் சின்னம் என்பது ஆண்களின் நினைப்பு. பெண்கள் கேட்டது தடுப்பு. பால் கொடுக்க, துணி மாற்ற, வயதுப்பெண்ணைப் படுக்கவைக்க. தடுப்பு வைத்தால் மறுநாளே அது சாதித் தடுப்பாகும் என்ற அச்சமும் உண்மை. நிலையான சுவராக இல்லாமல் நகர்த்தக்கூடிய தடுப்பாக, பெண்கள் பகுதி ஒன்று, நோயாளிகள் பகுதி ஒன்று என்று பயனை ஒட்டி மட்டும், அதுவும் பெயர்ப்பலகையில் எழுதி வைத்து அமைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். சமையற்கட்டில் சேரிப் பெண்கள் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. சத்துணவுக் கூடத்தில் தலித் பெண் சமைத்தால் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்ற தகராறுகளை நாம் இன்றும் பார்க்கிறோம். அன்றாடத்தில் அந்தச் சோற்றை உண்டு பழகாதவர், புயல் இரவில் பழகமாட்டார்.

பேரிடர் என்றால் காற்றும் நீரும் மட்டும்தானா என்ற கேள்வியும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஆபத்து வந்தபோது 44 பேர் ஓடி நுழைந்தது ஒரு குடிசைக்குள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அந்தக் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். 2012 நவம்பர் 7 மாலையில் தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2005 சட்டம் பேரிடருக்குத் தரும் விளக்கத்தில் இயற்கையால் வருவதோடு மனிதரால் வருவதும் அடங்கும். அப்படியானால், சாதித் தாக்குதல் நடக்க வாய்ப்புள்ளதாக அரசே அடையாளம் கண்ட கிராமங்களில் காப்பகம் எப்படி இருக்க வேண்டும்? தீப்பிடிக்காத கூரை, உள்ளிருந்து தாழிடும் கதவு, இரண்டு வெளிவழி, காவல் நிலையத்தோடு நேரடித் தொடர்பு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் உணவு, உடை, மருத்துவத்தோடு தங்குமிடத்தையும் நிவாரணமாகச் சொல்கின்றன. அந்தத் தங்குமிடம் தாக்குதல் முடிந்த பிறகு போடும் பந்தலாகவே இதுவரை இருந்திருக்கிறது. எங்கள் வாசிப்பு சட்டப்படி நிற்குமா என்பதை வழக்கறிஞர் தோழர்கள் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அன்றாடப் பயன்பாடு பற்றி மாணவர் தோழர்கள் யோசிக்கலாம். மாலையில் படிப்பு வட்டம், நூலகம், குறைந்த வாடகையில் கல்யாணம், நியாயவிலைக் கடை என்று எதுவாகவும் இருக்கட்டும். தினமும் ஆள் நடமாடும் இடத்தில்தான் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று யாராவது பார்ப்பார்கள். மேலும், தினமும் சேரிப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் கூடத்தின் வாசலில் நின்று, புயல் நாளில் ஒருவர் இது உங்கள் இடமில்லை என்று சொல்வது கடினம்.

இந்தக் கூட்டத்துக்குப் பதினான்கு நாள் கழித்து அக்டோபர் 2 கிராம சபை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரும் கடைசிச் சபைகளில் ஒன்று அது. அங்கே கேட்க வேண்டியவை அதிகமில்லை. நம் ஊருக்கு முகாமாகக் குறிக்கப்பட்ட கட்டடம் எது, சேரியிலிருந்து அதற்குப் போக ஊர்த்தெரு அல்லாத வழி உண்டா, கழிப்பறை எத்தனை, குழாய் எத்தனை, ஆடு மாட்டுக்கு இடம் எங்கே. கடைசியாக, சாவி எத்தனை, யார் யாரிடம். ஒரு சாவி சேரியில் இருக்கும் ஒரு பெண்ணிடம், முடிந்தால் மகளிர் குழுப் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானமாகவே எழுதச் சொல்லுங்கள். எழுதிய பின், தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.